அலைக்கோட்டில் விழுந்த இடைவெளி

என் கணவருக்கு மூச்சுக் கொடுப்பது ஒரு மிஷின். அறைக் காற்றை உள்ளே இழுத்து, அதிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து, மெல்லிய குழாய் வழியாக மூக்குக்கு அனுப்பும். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு நாள் முழுக்க உறுமும். மலைமேல் காந்தலில் எங்கள் வீட்டுக்கு அது வந்த அன்று, இந்தச் சத்தத்தில் தூங்கவே முடியாது என்று நினைத்தேன். சில நாட்களிலேயே சத்தம் இருந்தால்தான் தூக்கம் வரும் என்று ஆகிவிட்டது. மனிதர்கள் எதற்கும் பழகிவிடுவார்கள் என்பதை நான் ஒரு பெருமையாக எடுத்துக்கொள்வதில்லை.

அவர் கிளென்மார்கன் பக்கத்தில் ஒரு தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் ஒரு கல்லூரியில் இயற்பியல் ஆய்வுக்கூட உதவியாளர்; இன்னும் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். நுரையீரல் ஏன் இப்படி ஆனது என்பதற்கு டாக்டர் பல காரணம் சொன்னார். எதையும் அடித்துச் சொல்லவில்லை. ஒன்றை மட்டும் அடித்துச் சொன்னார்.

"இந்த உயரம் இவருக்கு ஆகாதுங்க. இங்க காத்தே லேசு. கீழ கூட்டிட்டுப் போனீங்கன்னா ராத்திரிக்கு மட்டும் மிஷின் வெச்சாப் போதும். பகல்ல குழாயைக் கழட்டிட்டு நடமாடலாம்."

கோயமுத்தூரில் மகள் இருக்கிறாள். டாக்டர் சொன்ன அன்றே ஓர் அறையைக் காலி செய்து கட்டில் போட்டுவிட்டாள். இவர் போக மறுத்தார். "அந்தப் புழுக்கத்துல மூச்சு மட்டும் இருந்து என்ன பண்றது" என்றார். நான் வற்புறுத்தவில்லை. எனக்கும் இந்த ஊரை விட மனமில்லை, வேலையும் இருந்தது. கடைசியில் மகள் விட்டுக்கொடுத்து ஒரு நிபந்தனை போட்டாள். "மிஷின் ஒழுங்கா ஓடற வரைக்கும் அங்கயே இருங்க. அது மக்கர் பண்ணுச்சுன்னா நான் காரை எடுத்துட்டு வந்துருவேன், அப்ப யாரும் வாயைத் திறக்கக் கூடாது." மூவரும் ஒப்புக்கொண்டோம்.

மழைக்காலம் முடிந்ததும் மிஷின் மக்கர் பண்ண ஆரம்பித்தது.

சாயங்காலம் கல்லூரியிலிருந்து வந்து பார்த்தால் அவர் முகம் வெளிறியிருக்கும். நகக்கண்ணில் நீலம் ஓடியிருக்கும். விரலில் மாட்டும் சின்னக் கருவியைப் போட்டுப் பார்த்தால், இருக்க வேண்டிய அளவுக்குக் கீழே காட்டும். மிஷின் என்னவோ ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

"என்னங்க ஆச்சு?"

"மத்தியானம் நின்னு போச்சு புள்ள. லோ வோல்டேஜ். அப்புறம் அதுவா வந்துருச்சு."

"அவசரத்துக்கு வெச்சிருக்கற ஆக்சிஜன் சிலிண்டரைத் திறந்து வெச்சுக்க வேண்டியதுதானுங்க?"

"செத்த நேரத்துக்கு எதுக்குன்னு விட்டுட்டேன்."

பக்கத்து வீட்டு அக்காவைக் கேட்டேன். அவர்தான் பகலில் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். "எங்க ஊட்ல டிவி ஓடிட்டுத்தான் இருந்துச்சுங்க" என்றார். மிஷின் கம்பெனிக்காரரைக் கூப்பிட்டேன். அவர் மூடியைத் திறந்து பார்த்து, ஃபில்டரைத் தட்டிப் போட்டுவிட்டு, மிஷினில் குற்றமில்லை, கரண்ட்டைப் பாருங்கள் என்றார். மின்சார ஆபீஸிலிருந்து வந்தவர் மீட்டரைச் சொருகிப் பார்த்து, கரண்ட்டில் குற்றமில்லை, மிஷினைப் பாருங்கள் என்றார். ஸ்டெபிலைசர் வாங்கி வைத்தேன். அதன் பிறகும் நின்றது. மகளிடம் நான் இதைச் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்தால் மறுநாள் வாசலில் கார் நிற்கும்.

எனக்கு மின்சார ஆபீஸின் மீதுதான் சந்தேகம். எங்கள் வரிசையில் குளிர் ஏறினால் வீட்டுக்கு வீடு ஹீட்டர் போடுவார்கள், தண்ணீரில் ராடு போடுவார்கள். அந்தக் கணத்தில் மின்னழுத்தம் ஒரு பள்ளத்தில் விழுந்து எழும். டிவிக்கு அது உறைக்காது, மோட்டாருக்கு உறைக்கும். மலையெல்லாம் அணை கட்டிக் கரண்ட் எடுக்கிற மாவட்டத்தில் இந்த லட்சணம், விளக்குக்கு அடியில் இருட்டு என்பது சும்மா இல்லை என்று மனதுக்குள் வழக்கே நடத்திக்கொண்டிருந்தேன். வழக்குக்குச் சாட்சி வேண்டும். அவர்கள் வைத்திருக்கும் மீட்டர் சாட்சிக்கு உதவாது. அது சராசரியைச் சொல்லுமே தவிர, இமைக்கும் நேரத்தில் நடந்ததைச் சொல்லாது.

அதைச் சொல்லக்கூடியது ஆஸிலோஸ்கோப். மின்சாரம் ஏறி இறங்குவதை அப்படியே அலைக்கோடாகத் திரையில் வரையும். கோட்டில் பள்ளம் விழுந்தால் பள்ளத்தைக் காட்டும். எங்கள் ஆய்வுக்கூடத்தில் சில இருக்கின்றன. பழைய காலத்துக் கண்ணாடிக் குழாய் வைத்தவை, பெட்டி பெட்டியாக. பஸ்ஸில் தூக்கி வரவும் முடியாது. பார்த்ததை நினைவில் வைத்துக்கொள்ளவும் அவற்றுக்குத் தெரியாது. புதிதாக வாங்கலாம் என்று இணையத்தில் பார்த்தேன். விலையைப் பார்த்ததும் பக்கத்தை மூடிவிட்டேன். மகள் விட்டுப்போன பழைய லேப்டாப் ஒன்று அலமாரியில் சும்மா கிடந்தது. திரைக்கு அது போதும். அலையை அளந்து லேப்டாப்புக்குச் சொல்ல ஒரு மைக்ரோகன்ட்ரோலர் போர்டு வேண்டும். அது இரண்டு விரல் அகலம்கூட இருக்காது. தபாலில் வரவழைத்தேன்.

சாப்பாட்டு மேசையின் ஒரு பாதியை எடுத்துக்கொண்டேன். இங்கே குளிரில் சால்டரிங் செய்வது தனிப் பாடு. ஜன்னல் இடுக்கில் காற்று வந்தால் ஈயம் உருகுவதற்குள் முனை ஆறிவிடும். ஜன்னலைச் சாத்தினால் அந்தப் புகை அவருக்கு ஆகாது. அதனால் அவர் அறைக் கதவைச் சாத்தி, அடியில் பழைய கம்பளியைச் சுருட்டி வைத்துவிட்டு, வெளிக்கதவுப் பக்கம் மேசையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவேன்.

"ஏம்புள்ள, அடுப்புல ஏதோ தீயுதாட்ட இருக்குதே" என்பார் உள்ளேயிருந்து.

"அடுப்பு இல்லீங்க, நான்தான்."

"பாத்து. எனக்கு மத்தியானச் சோறு வேணும்."

வீட்டு மின்சாரத்தை நேராகப் போர்டுக்குக் கொடுத்தால் போர்டும் லேப்டாப்பும் நானும் ஒன்றாகப் போய்ச் சேருவோம். அதனால் நடுவில் ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர் வைத்து, அழுத்தத்தைச் சில வோல்ட்டாகக் குறைத்து, ரெசிஸ்டர்களை வைத்து இன்னும் தணித்து அனுப்பினேன். அதிலும் ஒரு வில்லங்கம். வீட்டுக்கு வரும் மின்சாரம் பூஜ்யத்துக்கு மேலும் போகும், கீழும் போகும். போர்டுக்கு மேலே போவது மட்டும்தான் புரியும். கீழே போனால் செத்துவிடும். அலையை முழுக்க மேலே தூக்கி, அதன் நடுக்கோடு போர்டின் நடுவளவில் நிற்கும்படி செய்ய வேண்டும். இதைப் பிள்ளைகளுக்குப் பல வருடமாக ஆய்வுக்கூடத்தில் செய்து காட்டியிருக்கிறேன். என் மேசையில் செய்தபோது முதல் போர்டைக் கொன்றேன். ஊருக்கு உபதேசம் என்பது இதுதான்.

இரண்டாவது போர்டு பிழைத்தது. ஒன்றையும் இணைக்காமல் உள்ளீட்டுக் கம்பியை விரலால் தொட்டேன். லேப்டாப் திரையில் ஒரு கோடு எழுந்து நெளிந்தது. சுவருக்குள் ஓடும் மின்சாரத்தின் சாயல் என் உடம்பு வழியாகத் திரைக்கு வந்திருந்தது. எனக்கு ரொம்பச் சந்தோஷமாக இருந்தது. அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். குழாயை இழுத்துக்கொண்டு வாசற்படி வரை வந்து பார்த்தார். "கரண்ட் ஆபீஸ்காரன் உன்ற உடம்புக்குள்ளயும் வந்துட்டானா" என்று கேட்டுவிட்டுப் போனார்.

கோடு அழகாக இருந்தது. ஆனால் பொய்யாக இருந்தது. வீட்டு மின்சாரம் ஒரு நொடிக்குள் ஐம்பது தரம் ஏறி இறங்க வேண்டும். என் திரையில் அது சாவகாசமாக அசைந்துகொண்டிருந்தது. போர்டு ஒவ்வோர் அளவையும் எழுத்து எழுத்தாக லேப்டாப்புக்கு அனுப்பி, அதற்கே நேரத்தைச் செலவழித்துக்கொண்டிருந்தது. ஓர் அளவுக்கும் அடுத்த அளவுக்கும் நடுவில் பல அலைகள் போய்விட்டன. சினிமாவில் வண்டிச் சக்கரம் பின்னால் சுற்றுவதுபோல் தெரியுமே, அதே கோளாறுதான். அனுப்பும் முறையைச் சுருக்கி, அளவுகளைச் சேர்த்து மொத்தமாக அனுப்பும்படி நிரலை மாற்றி எழுதினேன். அப்புறம் அலை அலையாக வந்தது. உச்சியில் கொஞ்சம் தட்டையாக, எங்கள் ஊர்க் கரண்ட்டின் நிஜ முகத்தோடு.

ஒரு கோடு போதாது. வீட்டுக்கு வரும் அழுத்தம் ஒரு கோடு. மிஷின் எடுத்துக்கொள்ளும் கரண்ட் இன்னொரு கோடு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் யார் முதலில் விழுந்தார்கள் என்று தெரியும். கரண்ட்டை அளக்க, கம்பியைச் சுற்றிக் கவ்விக்கொள்ளும் வளையம் ஒன்று உண்டு. மிஷினின் வயரை வளையத்துக்குள் விட்டேன். கோடு அசையவில்லை. மிஷின் உறுமுகிறது, கோடு படுத்துக் கிடக்கிறது. ரெண்டு நாள் சால்டரிங்கையும் நிரலையும் சந்தேகப்பட்டேன். அப்புறம்தான் உறைத்தது, போகிற கம்பியும் வருகிற கம்பியும் சேர்ந்த முழு வயரையும் நான் வளையத்துக்குள் விட்டிருக்கிறேன். ஒன்று காட்டுவதை இன்னொன்று அழித்துவிடும். ஒற்றைக் கம்பியைப் பிரித்து விட்டதும் இரண்டாவது கோடும் எழுந்தது.

பழைய டிபன் டப்பா ஒன்றில் எல்லாவற்றையும் அடக்கினேன். கட்டிலுக்குப் பின்னால், ஸ்டெபிலைசரின் பக்கத்தில் வைத்து, லேப்டாப்பை மூடினாலும் அணையாதபடி செய்து ஜன்னல் திண்டில் வைத்தேன். ஏதாவது மாறினால் அந்தக் கணத்து அலையை நேரத்தோடு எடுத்து வைத்துக்கொள்ளும்படி நிரல் எழுதியிருந்தேன்.

"இனி கரண்ட் ஆபீஸ்காரங்க வாயைத் திறக்க முடியாதுங்க. எப்ப விழுந்துச்சு, எவ்வளவு விழுந்துச்சு, எல்லாம் இதுல வந்துரும்."

அவர் டப்பாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "எல்லாமா?" என்று கேட்டார்.

"எல்லாமுங்க."

மறுநாள் மிஷின் நிற்கவில்லை. அதற்கு அடுத்த நாளும் நிற்கவில்லை. டப்பாவைப் பார்த்து மின்சார ஆபீஸ் பயந்துவிட்டதாக நான் கேலி பேசினேன். அந்த வாரக் கடைசியில் ஒரு நாள் வந்து பார்த்தால் மறுபடி நகக்கண்ணில் நீலம். "நின்னு போச்சு" என்றார். அவர் குரலில் நான் ஒன்றும் கவனிக்கவில்லை. எனக்கு லேப்டாப்பைத் திறக்கும் அவசரம்.

திறந்தேன். மேல்கோடு, வீட்டுக்கு வந்த அழுத்தம், ஒரு சிராய்ப்புக்கூட இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. கீழ்க்கோடு, மிஷினின் கரண்ட், மதியம் ஓரிடத்தில் சட்டென்று அற்றுப்போயிருந்தது. அதன் பிறகு தட்டையாக ஒரு நீளமான இடைவெளி. மிஷினுக்குள்ளே ஏதாவது பழுதாகி மோட்டார் நின்றிருந்தால்கூட, அதன் விளக்கும் அலாரமும் கொஞ்சம் கரண்ட் எடுத்திருக்கும். அதுவும் இல்லை. சுவிட்சை அணைத்தால் மட்டும்தான் இப்படித் தெரியும். வீட்டில் அந்த நேரத்தில் இருந்தது ஒரே ஓர் ஆள்.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய் என்பார்கள். நான் கேட்டது பொய். பார்த்தது பொய்யில்லை. எனக்கு வந்த கோபத்தில் காலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் அவர் முன்னால் போய் நின்றேன்.

"ஏனுங்க, கரண்ட் போகலீங்க. நீங்க நிறுத்தியிருக்கீங்க."

அவர் மறுக்கவில்லை. கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார். "இதுதான் நான் நிறுத்துனதா?" என்று இடைவெளியைத் தொட்டுக் காட்டினார்.

"அதேதானுங்க. எதுக்கு?"

"எதுக்கா? நாள் முழுக்க ஓட்டுனா எந்த மோட்டாருக்கும் காயில் போயிரும் புள்ள. ஃபேக்டரில எத்தன வருசம் பாத்திருக்கேன். மத்தியானம் நிறுத்தி ஆறப்போடோணும். பேரிங்கத் தொட்டுப் பாக்கோணும். அப்புறந்தான் அடுத்த ஓட்டம். இது பாவம், ராப்பகலா ஓடுது. இது போச்சுன்னா நீங்க ரெண்டு பேரும் என்னைய அள்ளிக் கீழ கொண்டு போயிருவீங்க."

"அதுக்காக மூச்சை நிறுத்துவாங்களா?"

"மூச்ச எங்க நிறுத்துனேன்? மிஷினத்தான நிறுத்துனேன்."

மலையை விட்டு இறங்காமல் இருக்க மிஷினைக் காப்பாற்றுகிறார்; மிஷினைக் காப்பாற்ற நகம் நீலமாகிறவரை உட்கார்ந்திருக்கிறார். நான் அவரை நிறுத்த வேண்டும், அதுவும் அவருக்குப் புரிகிற பாஷையில். இடைவெளி முடிந்து மிஷின் மறுபடி கிளம்பிய இடத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். கீழ்க்கோடு அங்கே திரையின் உச்சிக்கே எகிறியிருந்தது. அப்புறம்தான் மெல்ல அடங்கி வழக்கமான அளவுக்கு வந்தது.

"இதப் பாருங்க. இது நீங்க திரும்பப் போட்டது."

அவர் குனிந்தார். எத்தனையோ மோட்டாரை ஓட்டிய மனிதர், சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. "ஸ்டார்ட்டிங் கரண்ட்டா? இத்தனையா எடுக்குது?"

"ஆமாங்க. ஓடறப்ப அதுக்கு ஒண்ணும் ஆகறதில்ல. நீங்க ஆறப்போட்டுத் திரும்பப் போடறப்பத்தான் அடி. நிறுத்தாம ஓடறதுக்கே பண்ணுன மிஷினுங்க இது."

ஒரு நாளைக்கு ஒரு தரம் அந்த அடி விழுந்தால் மிஷின் ஒன்றும் செத்துவிடாது. அதை நான் சொல்லவில்லை. அவர் அந்த எகிறிய கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நிறுத்தவே வேண்டாங்கற."

"எப்பவுமே வேண்டாங்க."

"எப்பவுமே" என்று அவரும் சொல்லிக்கொண்டார்.

அதன் பிறகு அவர் நிறுத்தவில்லை. நான் தினமும் சாயங்காலம் லேப்டாப்பைத் திறந்து பார்த்தேன். இரண்டு கோடுகளும் காலையிலிருந்து மாலை வரை அறாமல் ஓடின. விரல் கருவி நல்ல எண் காட்டியது. நகக்கண் சிவந்திருந்தது. மகளிடம் மிஷினில் ஒரு குறையுமில்லை என்று நிஜமாகவே சொல்ல முடிந்தது. ஆய்வுக்கூடத்தில் ஒரு சோதனை சரியாக வந்தால் வருமே ஒரு நிம்மதி, அது வந்தது. அவர் பேச்சு மட்டும் குறைந்துபோயிருந்தது. குளிர் ஜாஸ்தி, அதனால்தான் என்று நினைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாடு முடிந்ததும், அவர் கட்டிலில் உட்கார்ந்தபடி கேட்டார்.

"ஏம்புள்ள, அன்னைக்கு ஒரு எடைவெளி காட்டுனயே. அந்த நேரத்துல நான் என்ன பண்ணுனேன்னு உன்ற டப்பாவுல இருக்குதா?"

"இல்லீங்க. கரண்ட் மட்டுந்தான்."

"குழாயக் கழட்டி ஆணியில மாட்டிட்டு வெளிய வந்து நிப்பேன். மேல் ரோட்ல போறவங்க யாராச்சும் கை காட்டுவாங்க, நானும் காட்டுவேன். மூச்சு முட்டும்தான். ஆனா மூஞ்சில ஒண்ணும் இருக்காது. சத்தமும் இருக்காது."

நான் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"மிஷினுக்காகத்தான் நிறுத்தறேன்னு நானும் நம்பிட்டுத்தான் இருந்தேன் புள்ள. நீ அந்தக் கோட்டக் காட்டுன அப்புறம், நிறுத்தறதுக்குச் சொல்லிக்க ஒரு காரணமும் இல்லாமப் போச்சு." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "கீழ போனா பகல்ல கழட்டலாம்னு டாக்டர் சொன்னாரில்ல?"

"சொன்னாருங்க."

"எப்பப் போலாம்?"

எனக்கு அழுகை வந்தது. கீழே போகாமல் இருப்பதற்காகத்தான் ஈயத்தையும் கம்பியையும் கட்டிக்கொண்டு மாரடித்தேன். அவருக்காக என்று எல்லோரிடமும் சொன்னேன். இப்போது அவரே கேட்கிறார். ஜன்னலில் பனி இறங்கிக்கொண்டிருந்தது. அவர் அவசரப்படுத்தாமல் காத்திருந்தார்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை போலாமுங்க" என்றேன். "காலேஜ்ல சொல்லோணும்."

அவர் தலையாட்டினார். மூக்கில் குழாயைச் சரியாகப் பொருத்திக்கொண்டார்.

"சரி. அதுவரைக்கும் நிறுத்த மாட்டேன்" என்றார்.